சாமிக்கு முதல் கிளாஸ்

ஈப்போ நகருக்குப் பக்கத்தில், செமோர் என்ற ஊரில் ஷாமினி என்று ஒரு சிறுமி இருந்தாள். வயது பத்து. பராக்குப் பார்ப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

பல் துலக்கப் போனால் குழாய்த் தண்ணீர் சுழன்று இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு காலுறையைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் பிடித்தபடி, தூரத்துச் சுண்ணாம்பு மலைகளில் பனி மெல்ல மேலே ஏறுவதைப் பார்ப்பாள். வீட்டுக்குப் பின்னால் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் நாலைந்து மிச்சம் இருந்தன. அவற்றில் காய் வெடிக்கும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும்.

"ஷாமினி, எந்த ஊருக்குப் போயிட்ட? சீக்கிரம் திரும்பி வாலா, பஸ் கெளம்பப் போவுது" என்று அம்மா கூப்பிடுவார். பிறகுதான் இரண்டாவது காலுறை காலுக்குப் போகும்.

பஸ் வேறு யாருடையதும் இல்லை. அவள் அப்பா தேவன் ஓட்டும் மஞ்சள் நிறப் பள்ளி பஸ்தான். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை ஷாமினிக்கு. அப்பாவும் அவளும் காலையில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள்.

"அந்த மலை இன்னிக்கு எப்படி இருக்கு, ஷாமினி?" என்று கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து அப்பா கேட்பார்.

"படுத்திருக்கிற யானை மாதிரி இருக்குப்பா."

"எனக்கு என்னமோ சோத்தக் குமிச்சு வச்ச மாதிரி இருக்கு. பசிக்குதுபோல."

தினமும் அதே மலைதான். ஆனால் ஒரு நாள் சொன்னதை இன்னொரு நாள் இருவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது.

அம்மா சரளா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஈப்போவில் நடந்த ஆண்டு விருந்தில், அதிர்ஷ்டக் குலுக்கலில் அவருடைய எண் விழுந்துவிட்டது. நூற்றுப் பதினேழு. மேடையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் அம்மா எழுந்திருக்கவில்லை. தனக்கு எதுவும் விழாது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் போனார்.

பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு பிளெண்டர். சும்மா சட்னி அரைக்கிற பிளெண்டர் இல்லை. ஐஸ் கட்டியைப் போட்டால் மணலாகிவிடும், பச்சைக் கேரட்டைப் போட்டால் தண்ணீராகிவிடும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. அதன் ஜக்கு ஷாமினியின் தம்பி ஷர்வினின் தலையைவிடப் பெரிது. ஷர்வின் அளந்தே பார்த்துவிட்டான். அவனுக்கு ஆறு வயது.

"நம்ம பஸ்ஸு எஞ்சினே இதவிடச் சின்னதாத்தான் இருக்கும்போல" என்றார் அப்பா.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் கிளினிக்கில் அவருக்கு ஒரு கெட்ட செய்தி சொல்லியிருந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. அந்த ஊரில் அதை இனிப்பு நீர் என்பார்கள். பஸ் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் டாக்டர் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சர்க்கரை இறங்காவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் பஸ்ஸும் இல்லை. உரிமம் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது.

அம்மா பிளெண்டரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மருந்த நீங்க ஒழுங்காச் சாப்பிடுங்க. சாப்பாட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார். "இது சும்மா வரல. ஒங்களுக்காகத்தான் வந்திருக்கு."

வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பூசை போடாமல் தொடக் கூடாது. அம்மா பிளெண்டருக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்தார். ஷர்வின் ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து வந்தான்.

"எதுக்குடா அது?" என்று ஷாமினி கேட்டாள்.

"அப்பா பஸ்ஸு வாங்கினப்ப டயருக்கு அடியில வச்சாங்களே. இதுக்கும் வைக்கணும்ல."

"அடியில வேணாம், உள்ளயே போட்டுடலாம்" என்றார் அப்பா. இந்த முறை கொஞ்சம் சிரித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் காலைகள் மாறிப்போயின.

ஆறு மணிக்கு அம்மா பொத்தானைத் திருப்புவார். வீடே நடுங்கும். அலமாரியில் கரண்டிகள் தாளம் போடும். பக்கத்து வீட்டு நாய் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஷர்வின் கைகளை விரித்துக்கொண்டு, "ஏரோப்பிளேன் கெளம்புது" என்று சமையலறையைச் சுற்றி ஓடுவான்.

ஷாமினி மட்டும் மேசையில் முகவாயை வைத்து, ஜக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். முதலில் துண்டுகள் துள்ளும். பிறகு நடுவில் ஒரு பள்ளம் விழும். மஞ்சள் அலை அந்தப் பள்ளத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும், போய்ப் போய்த் தீரவே தீராது. அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு மஞ்சள் ஊர் இருப்பதாக ஷாமினிக்குத் தோன்றும். அங்கே மஞ்சள் மலைகள், மஞ்சள் பஸ், மஞ்சள் மழை. தெருவில் நடக்கிறவர்களும் சுழன்றுகொண்டேதான் நடப்பார்கள்.

"வாயை மூடு, ஈ பூந்துக்கும்" என்பார் அம்மா. சத்தம் நிற்கும். மஞ்சள் ஊர் மெல்லக் காணாமல் போகும்.

முதல் கிளாஸ் சாமிக்கு. சுவரில் மாட்டியிருந்த பலகையில் மயில்மேல் அமர்ந்த முருகன் படம் இருந்தது. அதன் முன்னால் அம்மா அந்தக் கிளாஸை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் உதடு அசைவதைப் பார்த்தாலே என்ன வேண்டுகிறார் என்று ஷாமினிக்குத் தெரியும். அடுத்து அப்பாவுக்குப் பெரிய கிளாஸ் நிறைய. பிறகு பிள்ளைகளுக்கு. சாமிக்கு வைத்த கிளாஸ், வீட்டில் சின்னவன் என்பதால் ஷர்வினுக்கே போய்ச் சேரும்.

அப்பாவும் தன் பங்குக்குக் கஷ்டப்பட்டார். பள்ளி விட்டதும் மதார் சாகிப்பின் உணவுக்கடையில் நுரை பொங்கப் பொங்கத் தே தாரேக் குடிப்பது அவர் வழக்கம். அந்த இனிப்புத் தேநீரை ஒரே நாளில் விட்டுவிட்டார்.

மூன்று மாதம் போனது. அம்மாவும் அப்பாவும் கிளினிக்குக் கிளம்பினார்கள். அம்மா நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

இருவரும் திரும்பி வந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பஸ் சாவியை மேசைமேல் வைத்தார். அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

"எறங்கலயா?" என்று ஷாமினி மெதுவாகக் கேட்டாள்.

"ஏறியிருக்கு" என்றார் அம்மா. பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "உண்மையச் சொல்லுங்க. பாய் கடையில தே தாரேக் குடிக்கிறீங்கதானே?"

"இல்ல, சரளா."

"அப்புறம் எப்படி ஏறும்? நான் விடியுறதுக்கு முன்னால எந்திரிச்சு ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துப் போடுறேன். பழம் நல்லது, தேன் நல்லது, எல்லாமே நல்லது. ஏறுதுன்னா வெளியிலதான் ஏதோ நடக்குது."

அப்பா மறுபடி ஒரு முறை "இல்ல" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைக் கழுவப் போய்விட்டார். காலையில்தான் அதைக் கழுவியிருந்தார்.

மறுநாளும் ஆறு மணிக்கு வீடு நடுங்கியது. அம்மா பெரிய கிளாஸை வைத்தார். அப்பா ஒரே மூச்சில் குடித்தார். கிளாஸ் மேசையில் பட்ட சத்தம் மட்டும்தான் கேட்டது.

பஸ் மலையைத் தாண்டியது. ஷாமினி காத்திருந்தாள். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் சாலையை மட்டுமே பார்த்தன. மலை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. ஷாமினிக்குப் பஸ் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அப்பா பொய் சொல்லியிருப்பாரோ என்ற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டு, கழகம் என்று புறப்பாட நடவடிக்கை இருந்தது. அது முடிந்ததும் அப்பா அவளை மதார் சாகிப் கடைக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸின் டயரில் காற்று குறைந்த மாதிரி இருந்ததால், "நீ ஒக்காரு, இதோ வாரேன்" என்று வெளியே போனார். மேசைமேல் அவர் பாதி குடித்து வைத்த கிளாஸ் இருந்தது. அது கறுப்பாக இருந்தது.

மதார் சாகிப் ரொட்டித் தட்டோடு வந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் ஷாமினி. "எங்கப்பா தே தாரேக் குடிக்கிறாரா?"

மதார் சாகிப் தட்டை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"தே தாரேக்கா? அத விட்டு மூணு மாசம் ஆச்சுலா பாப்பா. இப்ப வெறும் தே ஓ கொசோங்தான். பாலும் கெடையாது, சீனியும் கெடையாது. மூஞ்சச் சுளிச்சுக்கிட்டு அவர் குடிக்கிறதப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. ஒரு நா கடைப் பையன் தெரியாம சீனி போட்டுட்டான். ஒரு வாய் வச்சாரு, அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு."

அவர் உள்ளே போனதும் ஷாமினி அந்தக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கு சுருண்டுகொண்டது. அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்பு அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை.

அப்படியானால் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷாமினி ஜன்னலில் தலையைச் சாய்த்து மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்தது மலையை, நினைத்தது ஜக்கை. பராக்குப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தடவை பார்த்ததை அது கீழே போடாது. காலைக் காட்சிகள் ஒவ்வொன்றாக அவளுக்குத் திரும்பி வந்தன. ஜக்குக்குள் துள்ளிய மஞ்சள் துண்டுகள் எவை? வாழைப்பழம், மாம்பழம். பிறகு பழுப்பாக விழுந்தவை? பேரீச்சம்பழம். கயிறு மாதிரி நீண்டு இறங்கியது தேன். வெள்ளையாகக் கெட்டியாக விழுந்தது சீனி கலந்த டின் பால். கடைசியில், சாமிக்கு வைப்பது சப்பென்று இருக்கக் கூடாது என்று அம்மா உடைத்துப் போடுவாரே, குலா மெலாக்கா, அந்தத் தென்னை வெல்லம்.

ஷாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் மழை பெய்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். கனவில் முருகன் படத்திலிருந்து மயில் மட்டும் இறங்கி வந்தது. சமையலறை மேசையில் நின்று, சாமி கிளாஸில் அலகை விட்டுக் குடித்தது. பிறகு தோகையை விரிக்கப் பார்த்தது. முடியவில்லை. இறகெல்லாம் பாகு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மயில் அவளைப் பார்த்து, "தெனமும் இனிப்புதானா?" என்று அப்பாவின் குரலில் கேட்டது.

ஷாமினி கண் விழித்தாள். மழை விட்டிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. "ஒங்களாலதாம்மா ஏறிச்சு" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அம்மா நாள் முழுக்க இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்து, கால் வீக்கத்தோடு பசாருக்கும் போய்ப் பழம் வாங்கி வருகிறவர். அதுவும் அப்பா முன்னால் சொல்லவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவுக்கு முன்னால் எழுந்துகொண்டாள். ஷர்வினையும் எழுப்பினாள். அப்பா வெளியே பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் பெரிய தட்டு ஒன்றை வைத்து, ஜக்குக்குள் போவதையெல்லாம் அதில் வரிசையாக அடுக்கினாள். நாலு வாழைப்பழம். ஒரு முழு மாம்பழம். ஆறு பேரீச்சம்பழம். ஒரு கிண்ணத்தில் மூன்று கரண்டி தேன். இன்னொன்றில் டின் பால். இரண்டு பெரிய துண்டு குலா மெலாக்கா.

"டேய், அதத் தின்னாத. அது எண்ணி வச்சது."

"ஒண்ணே ஒண்ணுக்கா" என்றான் ஷர்வின், வாய் நிறைய வாழைப்பழத்தோடு.

அம்மா கூந்தலை முடிந்துகொண்டே வந்தார். தட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன இது? யாரு வாரா வீட்டுக்கு?"

"யாரும் வரலம்மா. இது அப்பாவுக்கு."

"அப்பாவுக்கா? ஒரே ஆளு இவ்வளவையும் எப்படித் தின்பாரு? இனிப்பு நீர் உள்ள மனுசனுக்கு இத்தன இனிப்ப யாராச்சும் தட்டுல வைப்பாங்களா?"

ஷாமினி தட்டை மெல்ல நகர்த்தி, பிளெண்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அம்மா தட்டைப் பார்த்தார். ஜக்கைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். குங்குமப் பொட்டு வைத்த பிளெண்டர் ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல பாதிக்கு மேல அவருக்குத்தான் ஊத்துறேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. "அரைச்சப்புறம் ஒரு கிளாஸ் மாதிரிதான் தெரிஞ்சுது."

"ஆமாம்மா. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. நேத்து பாய் மாமாகிட்ட கேட்டேன். அப்பா கொசோங்தான் குடிக்கிறாரு. நானும் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், ஒரே கசப்பு."

அம்மா கையால் வாயை மூடிக்கொண்டார். வெளியே அப்பா பஸ்ஸின் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா முருகன் படத்தைப் பார்த்தார்.

"சாமிக்கு வைக்கிறதுன்னுதான் இனிப்பாப் போட்டேன். சாமிக்குப் போயி சப்புனு வைக்க முடியுமா?"

"தெனமும் இப்படி வச்சா, சாமிக்கும் இனிப்பு நீர் வந்துரும்மா" என்றாள் ஷாமினி.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாது. ஷாமினியை இழுத்து அணைத்துக்கொண்டார். ஷர்வினும் ஏன் என்று தெரியாமலேயே வந்து ஒட்டிக்கொண்டான். ஒட்டிக்கொண்டே இரண்டாவது வாழைப்பழத்தையும் எடுத்தான்.

அன்று காலை பிளெண்டர் ஓடவில்லை. அம்மா தேயிலைத் தண்ணீர் கொதிக்கவைத்து, சீனி போடாமல், தன் கையாலேயே வெளியே எடுத்துப் போனார்.

"பாய் கடைத் தே மாதிரி இருக்காது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

அப்பா ஒரு வாய் குடித்தார். "பாய் கடையவிட இது நல்லாருக்கு" என்றார். அது மட்டும் பொய். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னார்.

புதிய காலை அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. முதல் நாள் அம்மா இனிப்பின்மேல் இருந்த கோபத்தில் பாகற்காயைப் போட்டு அரைத்துவிட்டார். ஷர்வின் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, வீட்டு வாசலைத் தாண்டி, தெருமுனைவரை ஓடிவிட்டான். அப்பா முழுக் கிளாஸையும் குடித்தார். அதன் பிறகு வெகுநேரம் யாரோடும் பேசவில்லை. இந்த முறை அது கோபத்தால் இல்லை, வாயைத் திறக்க முடியாததால்.

அந்த வார இறுதியில், ஒரு கல்யாணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் பீடோருக்குப் போனது. திரும்பும்போது அப்பா ஒரு கூடை கொய்யாக்காய் வாங்கி வந்தார். கடித்தால் மொறுமொறு என்றிருக்கும் பெரிய காய்கள். ஷாமினி அதில் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இதையும் வெள்ளரிக்காயையும் போட்டா? அதிக இனிப்பும் இல்ல, கசப்பும் இல்ல."

"கீரையும் ரெண்டு கைப்பிடி போடுவோம்" என்றார் அம்மா.

"இஞ்சி ஒரு துண்டு" என்றார் அப்பா.

"எலுமிச்சம்பழம்" என்றான் ஷர்வின். "இப்பவாச்சும் போடுங்க."

ஜக்கு சுழன்றது. இந்த முறை பள்ளத்தின் அடியில் இருந்தது பச்சை ஊர். இலை மழை பெய்துகொண்டிருந்தது. மலைகள் எல்லாம் நனைந்து மின்னின. ஷாமினி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை மூடச் சொல்லவில்லை. அவரும் பக்கத்தில் குனிந்து, "நீ இதுல என்னதான் பாக்குற?" என்று கேட்டு, தானும் பார்த்தார்.

தட்டில் வைத்தால் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எதுவும் ஜக்குக்குள் போக வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சாயங்காலங்களில் பூசணிக்காயும் தக்காளியும் போட்டு அம்மா சூப்பு அரைத்தார். கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடவிட்டால் அது தானாகவே சூடாகி ஆவி பறந்தது. "அடுப்புக்கு லீவு குடுத்தாச்சு" என்று அப்பா சொன்னார்.

ஒரே ஒரு குறைதான். சாமிக்கு வைத்த முதல் கிளாஸ் இப்போதெல்லாம் அப்படியே இருந்தது. முன்பு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து குடித்த ஷர்வின், பச்சை நிறத்தைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அம்மா அதைத் தானே எடுத்துக் குடிப்பார்.

"சாமிக்குப் பிடிக்கலயோ என்னமோ" என்று மெதுவாகச் சொல்வார். அப்பாவின் சர்க்கரையைப் பற்றித்தான் அவர் பயந்தார். சாமி பெயரைச் சொல்லி அதைச் சொன்னார்.

இன்னும் மூன்று மாதம் போனது. மலையைப் பற்றி மட்டும் அப்பா இன்னும் கேட்கவில்லை. கிளினிக் நாள் வந்தது.

அன்று காலை அம்மா முதல் கிளாஸை வைத்துக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியிருந்தார். பிறகு அப்பாவின் சட்டையைத் தேய்க்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பலகைமேல் கிளாஸ் காலியாக இருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

"யாரு எடுத்தது?" என்று அம்மா கேட்டார்.

ஷர்வின் நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அவன் உதட்டுக்கு மேல் பச்சை மீசை இருந்தது.

"மயிலு குடிச்சிருச்சு" என்றான்.

"அப்படியா? மயிலு என்ன சொல்லிச்சு?"

ஷர்வின் மீசையை நாக்கால் நக்கிக்கொண்டு யோசித்தான்.

"இது இனிப்பா இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிச்சு."

அம்மா அந்தக் காலிக் கிளாஸை எடுத்து முந்தானையில் துடைத்து, சாமி படத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். போகும்போது அவர் கால்கள் வேகமாக நடந்தன.

பள்ளியில் அன்று ஷாமினிக்கு ஒரு பாடமும் காதில் ஏறவில்லை. கணித ஆசிரியர் பிரமிளா இரண்டு முறை அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. மஞ்சள் பஸ் வாசலில் நின்றது. அப்பா ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். ஷாமினி ஏறி அவர் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் தள்ளிக்கொண்டு ஏறியதால் அவர் பின்பக்கம் திரும்பி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. முதல் இருக்கையில் உட்கார்ந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் பெரிய சாலைக்குத் திரும்பியது. கடைகள் போயின. பெட்ரோல் நிலையம் போனது. மழை நின்ற வானத்தின் கீழ் மலை மெல்ல வெளியே வந்தது.

கண்ணாடியில் அப்பாவின் கண்கள் சாலையிலிருந்து மேலே வந்து, அவள்மேல் நின்றன.

"அந்த மலை இன்னிக்கு எப்படி இருக்கு, ஷாமினி?"

கண்ணாடிக்குக் கீழே டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரம் செருகியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையை நன்றாகப் பார்த்தாள். வெயில் பட்டு மலையின் மரங்கள் எல்லாம் பச்சையும் நீலமுமாக விரிந்து கிடந்தன.

"மயில் மாதிரி இருக்குப்பா" என்றாள். "தோகைய முழுசா விரிச்சிருச்சு."